இன்னார் மகன், இன்ன ஊர்

நாகப்பட்டினம் தாலுகா அலுவலகப் பதிவறையில் நான் வேலை பார்த்த காலத்திலேயே ஒரு வகை மனிதர்கள் தேடி வருவார்கள். அவர்களுக்குப் பட்டாவும் வேண்டாம், அடங்கல் நகலும் வேண்டாம். ஈப்போ, கிள்ளான், டர்பன், ரீயூனியன் என்று எங்கிருந்தோ வேளாங்கண்ணிக்கோ நாகூர் தர்காவுக்கோ வந்திருப்பார்கள். யாராவது வழி சொல்ல, எங்கள் அலுவலக வாசலுக்கும் வந்து நிற்பார்கள். “எங்க தாத்தா இந்தப் பக்கம்தாங்க. எந்த ஊருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்” என்பார்கள். தாத்தாவின் பெயர் முனியன், காத்தான் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். ஜில்லா தஞ்சாவூர் என்பார்கள். அன்றைய தஞ்சாவூர் ஜில்லா கொள்ளிடக் கரையிலிருந்து கோடியக்கரை வரை நீண்டது. அதற்குள் எத்தனை முனியன், எத்தனை காத்தான்!

நான் ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் வருகிறார்கள். இப்போது அவர்களுடைய கைபேசியில் டிஎன்ஏ பரிசோதனை முடிவும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் சின்னப் பெட்டியில் ஒரு குழாய் இருக்கும். அதில் எச்சிலைத் துப்பி மூடி அஞ்சலில் அனுப்பினால், சில வாரங்களில் பூர்விகமும் உடல்நலக் குறிப்புகளும் திரையில் வந்துவிடும். தென்னிந்தியா இத்தனை சதவீதம் என்று ஒரு வரைபடத்தில் நம் பகுதி நிறம் தீட்டிக் காட்டப்பட்டிருக்கும். அதைக் காட்டிவிட்டு, மறுபடி அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஊர் எது?

அவர்களுக்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எச்சில் சொல்லக்கூடியது கொஞ்சம் உண்டு. ஊரையும் பெயரையும் சொல்லக்கூடியவை வேறு இடத்தில் கிடக்கின்றன. அவை எங்கே கிடக்கின்றன, ஏன் சிலருக்கு மட்டும் கிடைக்காமல் போயின என்பதற்கு இந்த மண்ணின் வரலாற்றில்தான் விடை இருக்கிறது.

வம்சத்தை எழுதி வைப்பதில் தஞ்சாவூருக்கு நிகரான ஊர் குறைவு. பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில் ஒன்று, கோயில் பணிக்காகக் குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். ஒவ்வொருத்திக்கும் பெயர் இருக்கிறது. எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள், தஞ்சையில் எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதெல்லாம் இருக்கிறது. திருவாரூர், பழையாறை என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவளுக்கு அடுத்த முறை உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த 400 பெண்களுக்கு முகவரி இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அதே கோயிலின் தென்மேற்குப் பக்கத்தில் இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்டுவித்த மராத்தியக் கல்வெட்டு இருக்கிறது. போன்ஸ்லே வம்ச சரித்திரம் முழுவதையும் சுவரில் எழுதிவிட்டார். 1676 வாக்கில் வெங்கோஜி தஞ்சையைக் கைப்பற்றி ஒன்றேகால் நூற்றாண்டு கழிந்திருந்தது. ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட பின், அரசருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் வம்சப் பெருமையும்தான். அந்தப் பெருமையைக் கல்லில் ஏற்றினார். நாயக்கர்களோடு வந்த தெலுங்கர், பட்டு நெய்யும் சௌராஷ்டிரர், தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டிய டேனியர் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இந்தச் சமவெளியில் ஏதாவது ஓர் எழுத்தை விட்டுப் போயிருக்கிறார்கள்.

எழுத்தில் வராதவர்கள் இங்கேயே பிறந்து சேற்றில் நின்றவர்கள். பதிவறையில் இருந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். அ-பதிவேட்டைத் திறந்தால் சர்வே எண், புன்செயா நன்செயா, விஸ்தீரணம், தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் இருக்கும். பட்டாதாரர் என்றால் மிராசுதார். கோயில் நிலமென்றால் சுவாமி பெயர். அந்த நிலத்தில் நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, அறுத்துக் களத்தில் அடித்தவன் பெயருக்கு அதில் கலமே கிடையாது. பண்ணையாளுக்குப் படி நெல் அளந்த கணக்கு பண்ணை வீட்டில் இருந்திருக்கும். அது பண்ணை வீட்டோடு போனது. கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடு 1899ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின்படி வந்தது. அதிலும் சேரிப் பிறப்புகள் விட்டுப்போனவை ஏராளம். எழுதியிருந்தாலும் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்பதோடு சரி, குழந்தையின் பெயர் இருக்காது. பண்ணையாள் என்று ஒருவன் இருக்கிறான், அவனை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்று அரசு சட்டமாக எழுதியதே 1952இல்தான். அதற்கு முன் கீழ்வேளூர், தேவூர், வலிவலம் பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்து செத்தவனுடைய தகப்பன் பெயரைக் காகிதத்தில் காண்பது அரிது.

அவன் கடல் தாண்டியபோதுதான் ஒரு குமாஸ்தா அவனுடைய தகப்பன் பெயரையும் ஊரையும் முழுசாக எழுதினான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியல்களைப் பாருங்கள். முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16இல் டர்பனில் கரை தொட்டது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அப்படிப் போனார்கள், பெரும்பகுதி சென்னை வழியாக. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கடைசியாக உடலில் உள்ள தழும்பு. தழும்பை எழுதியது ஓடிப்போனால் பிடிப்பதற்கு. ஆள்பிடிக் கணக்குதான் அது, சந்தேகமில்லை. ஆனாலும் டர்பனிலிருந்து வருகிற ஒரு குடும்பம் அந்த வரியை அச்செடுத்துக் கொண்டு வந்து என் முன் வைக்கும்போது, தாலுகாவும் கிராமமும் இருப்பதால் நான் பேருந்து எண்ணே சொல்லிவிடுவேன். மொரீஷியஸ்காரர்களுக்கும் அந்தக் கொடுப்பினை உண்டு. அங்கே மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் குடியேறிகளின் பதிவேடுகளைக் காத்து வைத்திருக்கிறது. 1860களிலிருந்து எடுத்த புகைப்படங்களும் அதில் உண்டு.

மலாயா வேறு கதை. எங்கள் ஊர் ஜனங்கள் மிகுதியாகப் போனது அங்கேதான், போன வழியும் எங்கள் துறைமுகம்தான். 19ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கும் வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும் நாகப்பட்டினத்திலிருந்து ஆள் ஏற்றினார்கள். ஆசை காட்டியும் ஏமாற்றியும் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று 1870இல் தஞ்சை ஜில்லா அதிகாரி ஒருவரே மேலிடத்துக்கு எழுதினார். ஏற்றுமதி கொஞ்ச காலம் நின்றது. 1872இல் சட்டம் போட்டு மறுபடி திறந்தார்கள். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். அதன் பிறகு ஆள் பிடிக்க ஆசை காட்ட வேண்டியதுகூட இல்லை.

ரப்பர் வந்ததும் கங்காணி வந்தார். கங்காணி வெளியாள் இல்லை. தோட்டத்தில் வேலை பார்த்து, முதலாளி நம்பிக்கையைப் பெற்று, லைசென்ஸோடு சொந்த ஊருக்கே திரும்பி வருகிறவர். வெள்ளை வேட்டி, கைக்கடிகாரம், கையில் முன்பணம். தம் தெருவிலேயே, தம் சொந்தத்திலேயே ஆள் சேர்ப்பார். ஒரே தெருவின் ஐந்தாறு குடும்பங்கள் ஒரே எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவுக்கு 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை ஓடியது. நாகப்பட்டினத்திலும் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும் டிப்போக்கள் இருந்தன. டிப்போவில் மருத்துவப் பரிசோதனை, அம்மைப்பால் குத்தல். பிறகு தோணியில் ஏறி ஆழத்தில் நிற்கும் கப்பலுக்கு. பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் மறுபடி தனிமைக் காவல்.

1926இல் ‘ரஜூலா’ வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம்வரை ஓடிய கப்பல். டெக் டிக்கெட்டில் ஆயிரக்கணக்கானோரை ஏற்றும். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் ரஜூலா என்ற பெயரை வீட்டுப் பெண்ணின் பெயரைப் போலச் சொல்வார்கள். பிறகு ‘சிதம்பரம்’ கப்பல். அது 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிந்தது.

உறவு அறுந்தது கப்பல் நின்றதால் இல்லை, அதற்கும் நெடுநாள் முன்பே. 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கடிதமும் இல்லை, மணியார்டரும் இல்லை. தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் பல்லாயிரம். இங்கே கடிதம் வராத வீடுகளில், ஆள் இறந்திருப்பான் என்று தலை முழுகினார்கள். அங்கே தகப்பன் சயாமில் செத்த பிறகு, ஊர்ப் பெயர் தெரிந்த ஆள் வீட்டில் இல்லாமல் போனது. இன்று என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள்.

பிரெஞ்சுக்காரர்கள் கொண்டு போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரைக்கால் நாகப்பட்டினத்துக்கு வடக்கே கூப்பிடு தூரம். அன்று எல்லையைத் தாண்டினால் பிரெஞ்சு மண். அங்கிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரீயூனியனுக்கும் கரீபியக் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் ஆள் போனார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்கிலும் 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாதலூப்பிலும் முதல் இந்தியர்களை இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர் போனார்கள். ராமசாமி, முத்துசாமி, சிதம்பரம் என்ற தகப்பன் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் ஏறிக் குடும்பப் பெயராக நின்றுவிட்டன. ஆன்றி சிதம்பரம் என்பவர், அங்கே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கை 1923இல் ஜெயித்தார். மொழி போய்விட்டது. தமிழ் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்கள்தான் அங்கிருந்து என்னிடம் வந்திருக்கிறார்கள்.

மொழி போனாலும் சாமி போகவில்லை. மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் அந்தத் தீவுகளில் இன்றும் கிடா வெட்டுகிறார்கள். பூசையில் நாகூர் மீரானுக்கும் இடம் உண்டு. நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது நாயகம்தான் அது. கடலில் கப்பலைக் காத்தவர் என்று, மாரியம்மன் கோயிலிலேயே அவருக்குக் கொடிமரம் நட்டிருக்கிறார்கள். ரீயூனியனிலும் அப்படியே. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காக்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுந்துவிட்டன. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து பயந்த கடல், சேர்ந்து கும்பிட்ட ஆண்டவர். ஒரு குவாதலூப் குடும்பம் தங்கள் பூசையில் நாகூரார் உண்டு என்று சொன்னால், அவர்கள் முன்னோர் இந்தக் கரையோடு பழகியவர்கள் என்று சொல்ல எனக்கு எச்சில் பரிசோதனை வேண்டியதில்லை.

இன்னும் கூர்மையான அடையாளம் குலதெய்வம். ஊர் விட்டு ஊர் போகும்போது பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிடுவது நம் வழக்கம். மலாயா எஸ்டேட்டுகளில் ரப்பர் மரத்தடியில் எழுந்த முனீசுவரன் கோயில்களிலும் காளி கோயில்களிலும் பல அப்படிப் போனவை. அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சாமியின் பெயரை. வீரனார் என்றால், எந்த வீரனார், பக்கத்தில் என்ன மரம், படையலில் சுருட்டு உண்டா, பொங்கல் எந்த மாதம் என்று கேட்பேன். ஆத்தா சொன்னதாக ஏதாவது ஒன்று வந்து விழும். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளிக்குள் பெண் எடுப்பதில்லை. தகப்பன் வழியில் தலைமுறை தலைமுறையாக ஆண்பிள்ளைக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் என்று அறிவியல் சொல்வதும் இதே பாதையில்தான் போகிறது.

எச்சில் பரிசோதனை எனக்குக் கற்றுத் தந்தது தாய்வழியைப் பற்றி. கல்யாணமானதும் பெண் புருஷன் வீட்டுக் குலதெய்வத்துக்குப் போய்விடுகிறாள். அம்மாவின் அம்மாவின் அம்மா எந்த ஊர் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டாவிலும் இல்லை, கருமாதிப் பத்திரிகையிலும் இல்லை. ஆனால் தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒன்று இருக்கிறது. நாம் எழுதாமல் விட்ட அந்தத் தாய்வழி முழுவதும் அதில் அறுபடாமல் இருக்கிறது. அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. இருந்தாலும் அந்த வழி ஒன்று இருந்தது என்று நம் கண் முன் நிறுத்துகிறது. அந்த அளவுக்கு அதை நான் மதிக்கிறேன்.

சதவீதக் கணக்கை அவ்வளவு மதிக்க என்னால் முடியவில்லை. நம் உடலில் உள்ள 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளில் ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் படித்து, தன்னிடம் ஏற்கெனவே உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறது அந்தப் பரிசோதனை. மாதிரிகளில் ஐரோப்பியர் மிகுதி. தொடக்க காலத்தில் காஷ்மீரியும் கீழ்வேளூர்க்காரனும் தெற்காசியா என்ற ஒரே பெட்டிக்குள் கிடந்தார்கள். இப்போது கொஞ்சம் பிரித்திருக்கிறார்கள். ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜும் லால்ஜி சிங்கும் ஹார்வர்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவில் எல்லாரும் எல்லாரோடும் கலந்தார்கள், பிறகு கலப்பது அருகிப்போனது என்று காட்டியது. அதற்குப் பிறகு சாதிக்குள்ளேயே மணம். அதனால் இந்த எச்சில், மாதிரிகள் இன்னும் பெருகினால், ஊரைச் சொல்லுமோ இல்லையோ, சாதியைச் சொல்லிவிடும். கப்பல் ஏறியவர்களில் எத்தனையோ பேர் கடலிலேயே போட்டுவிட்டுப் போக விரும்பியது அதைத்தான். சாதி தெரிய வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், ஊர் சொல்கிறேன், பெயர் சொல்கிறேன், அதை மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

பரிசோதனை உண்மையாகவே உதவுவது உறவைக் காட்டுவதில். எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஆசைக்கு ஒரு பெட்டி வாங்கி எச்சில் அனுப்பினான். சில மாதம் கழித்து ஈப்போவில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் அவனுக்குச் செய்தி அனுப்பினார். இருவருடைய பாட்டனாரோ பாட்டியோ உடன்பிறந்தவர்களாக இருக்கலாம் என்று திரை காட்டியது. அவன் பதறிப்போய் என்னை அழைத்தான். “மாமா, நம்ம தாத்தாவோட கூடப்பிறந்தவங்க யாராவது மலேயா போனாங்களா?” யாரும் போகவில்லை. எனக்குத் தெரியும்.

அந்த அம்மா நாகப்பட்டினத்துக்கே வந்தார். தாத்தா பெயர், ரஜூலாவில் போனது, பாட்டி தாலாட்டில் சொன்ன ஒரு வாய்க்கால் பெயர், குலதெய்வம் வீரனார். இவ்வளவுதான் அவரிடம் இருந்தது. வீரனாரைப் பற்றிக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வீரனார்தான். எங்கள் குடும்பம் குத்தகைக்கு உழுத குடும்பம், பட்டாவில் எங்கள் பெயரும் கிடையாது. ஆனால் மொய் எழுதிய நோட்டு இருந்தது. என் அப்பாவின் காதணி விழாவுக்கு எழுதிய மொய் நோட்டை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அதில், அந்த அம்மா சொன்ன அதே தாத்தா பெயர், அந்தத் தாத்தாவின் தகப்பன் பெயர், ‘பினாங்கு’, தம்பி மூலம் ரூபாய் 2 என்று ஒரு வரி. அப்பாவின் காதுகுத்துக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த இரண்டு ரூபாய்! அந்தத் தகப்பன் என் பாட்டனாரின் சிற்றப்பா. ஆகவே அந்த அம்மா எனக்கு நான்காம் தலைமுறைப் பங்காளி வீட்டுப் பெண், தங்கை முறை. அன்றிலிருந்து “அண்ணே” என்றுதான் கூப்பிடுகிறார்.

அப்படியென்றால் திரை ஏன் அவ்வளவு நெருக்கமாகக் காட்டியது? பினாங்கு போனவர் கட்டியது என் பாட்டியின் அண்ணன் மகளை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள். அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று சுற்றிச் சுற்றி முறைக்குள்ளேயே கட்டினோம். ஐரோப்பியர்களுக்கு எழுதிய கணக்கு, பங்கிட்ட மரபணுவின் மொத்த நீளத்தைப் பார்த்து உறவைச் சொல்கிறது. நம் வீடுகளில் அந்த மொத்தம் நான்கு வழியாக வந்து சேர்ந்திருக்கும். அதனால் தூரத்து உறவும் பக்கத்தில் தெரியும். நெருங்கிய உறவென்றால் நீளமான துண்டுகள் சில இருக்கும். இப்படிச் சுற்றி வந்த உறவில் சின்னச் சின்னத் துண்டுகள் நிறைய இருக்கும். தமிழ்க் குடும்பங்கள் பரிசோதனை முடிவைப் பார்க்கும்போது இதை அவசியம் மனத்தில் வைக்க வேண்டும்.

இந்தச் சுற்றிக் கட்டும் வழக்கம் உடல்நலத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே மிக அதிகமான அளவுகளில் இது ஒன்று. மறைந்திருக்கும் ஒரே பழுது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு இதில் கூடுகிறது. 2009இல் ஆய்வாளரான தண்டபாணியும் தங்கராஜும் மற்றவர்களும் கண்டறிந்தது இன்னொன்று. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் இந்தியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு நடுவயதுக்குப் பிறகே அது தொந்தரவு தருகிறது. இலங்கை, பாகிஸ்தான், மலேசியா, இந்தோனேசியாவில் அது கிடைத்தது. உலகின் மற்ற பகுதி மாதிரிகளில் இல்லை.

ஈப்போத் தங்கை பெட்டி வாங்கியதே பாதி இதற்காகத்தான். அவருடைய தகப்பனாரும் சிற்றப்பாவும் ஐம்பது வயதுக்குள் நெஞ்சு வலியில் போனவர்கள். அவர் அனுப்பிய பரிசோதனையின் உடல்நல அறிக்கையில் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்ற தோரணையில் இருந்தது. இங்கே வந்து எங்கள் வீட்டுக் கிழவிகளோடு உட்கார்ந்து பேசியபோது, எங்கள் பங்காளி வகையில் வயலில் நின்றவர்கள் நின்றபடியே சாய்ந்த கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. பெயர், வயது, எந்தப் போகத்து அறுவடை என்பது உள்பட. செவிலியர் அல்லவா, நோட்டில் குறித்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் மருத்துவர் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார். ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கும் நிலைக்கு அவர்களைக் கொண்டு வந்தது அந்தப் பேச்சுதான்.

வீட்டுப் பரிசோதனைகள் உடல்நலம் பற்றிச் சொல்வதை முடிவாகக் கொள்ளக் கூடாது என்பது நான் மட்டும் சொல்வதல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் 23அண்ட்மீ நிறுவனத்தின் உடல்நல அறிக்கைகளை நிறுத்த வைத்தது. பிறகு சிலவற்றை ஒவ்வொன்றாக அனுமதித்தது. 2018இல் மார்பகப் புற்றுநோய்க்காக அனுமதித்ததோ, யூதர்களில் ஒரு பிரிவினரிடம் மிகுதியாகக் காணப்படும் மூன்று மாற்றங்களுக்கு மட்டும். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நம் வீட்டுப் பெண்ணுக்கு அது ஆறுதலே ஆகாது. இந்தியர்களுக்கான மாதிரியை நாமே சேர்க்க வேண்டும் என்றுதான் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்தது. அதன் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், குடும்ப வரலாற்றை மருத்துவரிடம் சொல்வதே முதல் பரிசோதனை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அதே 23அண்ட்மீயிலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல் திருடு போனது. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது. லட்சக்கணக்கான குடும்பங்களின் மரபணுத் தகவல் சொத்தாக விலை பேசப்பட்டு, நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் புதிய அமைப்புக்கே 30.5 கோடி டாலருக்குக் கைமாறியது. நீங்கள் துப்பும் எச்சிலில் உங்கள் அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். பிரான்ஸில் இந்த வீட்டுப் பரிசோதனைக்கே சட்டத் தடை உண்டு. ரீயூனியனும் குவாதலூப்பும் பிரெஞ்சு மண் என்பதால் அங்குள்ளவர்களுக்கும் அது பொருந்தும். மீறினால் 3,750 யூரோ வரை அபராதம். அவர்களுக்குக் கப்பல் பதிவேடும் கோயிலும்தான் நேர் வழி.

வருகிறவர்களிடம் இப்போது நான் சொல்வது இதுதான். பரிசோதனை செய்திருந்தால் நல்லது, உறவினர் பட்டியலைக் கொண்டு வாருங்கள், சதவீதத்தை விட்டுவிடுங்கள். தாத்தாவின் தகப்பன் பெயர், குலதெய்வம், கங்காணி பெயர், எஸ்டேட் பெயர் இந்த நான்கையும் அங்குள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரே எஸ்டேட்டுக்கு ஒரே தெருவிலிருந்து போனார்கள் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஊர் தெரிந்திருந்தால் உங்களுக்கும் தெரிந்த மாதிரிதான்.

இங்கே இருக்கிறவர்களிடம் கேட்பது அதைவிட அவசரமானது. மணியக்காரர், கர்ணம் பதவிகளை 1980இல் ஒழித்தது சரியான காரியம். ஆனால் அவர்கள் வீட்டுப் பரண்களில் தங்கிப்போன பழைய ஏடுகளை யாரும் கேட்டு வாங்கவில்லை. கரையானும் 2004 சுனாமியும் 2018 கஜா புயலும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் கொஞ்சம்தான். அரசு அவற்றைத் தேடி வாங்கி, படம் எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் பழைய மொய் நோட்டோ, கருமாதிப் பத்திரிகையோ, பினாங்கு முத்திரை போட்ட கடித உறையோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கைபேசியில் படம் எடுத்து நான்கு பேருக்கு அனுப்பி வையுங்கள். நோட்டே இல்லாத பண்ணையாள் குடும்பங்களில் எழுபது எண்பது வயதைத் தாண்டிய அப்பாயிகளும் அம்மாயிகளும்தான் அந்த நோட்டு. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் அம்மா பெயர்வரை கேட்டு, ஊரோடு சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.